கதவில்லாமல் வந்து சேர்ந்த கப்பல்

ஒளியை விட வேகமாகப் போன முதல் கப்பல் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதில் போன யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கப்பலில் கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில் வழவழவென்று சுவர் இருந்தது. வெளியே காத்திருந்தவர்கள் தகட்டை அறுத்து உள்ளே நுழைந்தபோது, பயணிகள் சாவகாசமாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்களாம். கதவு எங்கே என்று கேட்டதற்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "கதவா? அது எதுக்கு?" என்றார்களாம்.

இதை எனக்குச் சொன்னவர் என் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் அவர் நடத்திய ஒரு விளையாட்டுக்காக அவரே உண்டாக்கிய சரித்திரம் இது. ஆனாலும் சொல்லும்போது, பக்கத்துத் தெருவில் நடந்த விபத்தைச் சொல்கிறவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். மாமா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பட்டதாரி, இந்தக் குழாய் ஏன் ஒழுகுது, படிச்சதை வெச்சுக் கண்டுபிடி பாப்போம்" என்பார். வேலையிடத்தில் அவருக்கு கேபிள் என்று பெயர். ஒல்லியாக, நீளமாக, எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் வாசனையோடு இருப்பார்.

லிஃப்ட் கூண்டு ஓடும் ஷாஃப்ட் பாதைக்கு அடியில் ஒரு குழி இருக்கும். கட்டடத்தில் யார் கையிலிருந்து எது நழுவினாலும் கதவிடுக்கு வழியாக அங்கேதான் போய்ச் சேரும். சாவி, கம்மல், ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு பல் செட். மாமா எல்லாவற்றையும் பொறுக்கி வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவார். இடிக்கப்போகிற ஒரு பழைய கட்டடத்தின் குழியில் மட்டும் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. அந்த இடுக்கில் நுழையவே முடியாத அகலம். கேட்பாரில்லை என்பதால் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

உள்ளே பல முகங்கள் கொண்ட பகடைகளும் ஒரு விதிப்புத்தகமும் இருந்தன. ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அந்தப் பாத்திரம் என்ன பேசும், என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். நட்சத்திரங்களுக்கு நடுவே போய்வரும் கப்பல்களின் உலகம். அந்தக் கப்பல்கள் ஒளியை எப்படி மிஞ்சின, யார் முதலில் மிஞ்சினார்கள் என்ற அத்தியாயம் மட்டும் எண்ணெயில் ஊறி ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருந்தது. பிரித்தால் கிழிந்தது. சரித்திரம் இல்லாமல் கப்பல் ஓட்ட மாமாவுக்கு மனம் வரவில்லை. அதனால் அதை அவரே சொல்லத் தொடங்கினார்.

சாப்பாடு முடிந்த ஞாயிறு மத்தியானம் கூடத்து மேசையைச் சுற்றி உட்காருவோம். கீழ்த்தளத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன்தான் கேப்டன். மாமாவோடு பல வருடமாக வேலை பார்க்கும் கூட்டாளி எஞ்சின்காரர். நான் டாக்டர். அக்காவுக்குப் பகடை உருட்டப் பிடிக்காது. அதனால் அவளுக்குச் சொல்லாள் வேலை.

சொல்லாள் என்பது மாமா வைத்த பெயர். அவர் கணக்கு இப்படி:

"வெளிச்சத்தை முந்திட்டா வெளிச்சம் பின்னாடி நின்னுடும். அப்புறம் எதையும் எதுவும் பாக்க முடியாது. பாக்க ஆளில்லாத சாமான் நிலைக்காது. அதனால கப்பல் தாண்டி முடிக்கிற வரைக்கும் ஒருத்தர் வாயால சொல்லிக்கிட்டே வரணும். சொன்னது வந்து சேரும். சொல்லாதது அங்கேயே நின்னுடும்."

முதல் கப்பலில் பயணிகள் தற்செயலாக எல்லாவற்றையும் பேசிக்கொண்டே வந்தார்கள். கதவைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

தாண்டும் நேரம் வந்தால் திரையை இழுத்து விடுவோம். விசிறியை நிறுத்துவோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். சுவர் இருக்கு, கதவு இருக்கு, விளக்கு இருக்கு, கேப்டன் சட்டை போட்டிருக்கார், தொப்பி வெச்சிருக்கார். அவள் விட்டது எதுவோ அது மறு கரையில் இல்லை. மாமா அதில் இம்மியும் இறங்கி வர மாட்டார். ஒருமுறை கேப்டன் ஒரு கிரகத்துக் கவர்னரை வெறும் சட்டையும் தொப்பியுமாகச் சந்திக்க வேண்டியதாகிவிட்டது.

"தங்கச்சி, அடுத்த தடவை இடுப்புக்குக் கீழயும் கொஞ்சம் கவனம் வைம்மா" என்றார் மருந்துக்கடை அண்ணன்.

"தொப்பி வந்துச்சே, அதை எடுத்து மறைச்சுக்க வேண்டியதுதானே" என்றாள் அக்கா.

எல்லாம் சொல்லி முடித்ததும் கூட்டாளி மட்டும் ஒரு கேள்வி கேட்பார். "நீ?"

"நான் எங்க போகப்போறேன்" என்று அக்கா சிரிப்பாள். அதோடு தாண்டல் முடிந்தது என்று அர்த்தம்.

அது என்ன கேள்வி என்று கூட்டாளியிடம் விசாரித்தேன். "இது எங்க தொழில் பேச்சும்மா. ஒருத்தன் கூண்டு மேல நிப்பான், ஒருத்தன் மெஷின் ரூம்ல இருப்பான். ஒருத்தனுக்கு ஒருத்தன் தெரியாது. அதனால எல்லாத்தையும் கத்திச் சொல்லுவோம். ஸ்டாப் அமுக்கியாச்சு, கதவு சாத்தியாச்சு, லைட் எரியுது. இவன் சொன்னதை அவன் திருப்பிச் சொல்லணும். கடைசியா, நான் கூண்டு மேல நிக்கிறேன்னு அவன் சொல்லணும். அது காதுல விழாம நான் சுவிட்சைத் தொடமாட்டேன். கத்துறவனே தன்னை மறந்துருவான். அதான் அதிகமா நடக்குற தப்பு."

சில மாதங்களில் சரித்திரம் பெருத்துவிட்டது. "நீதான் படிச்சவளாச்சே, வரிசையா எழுதி வை" என்று மாமா என்னிடம் ஒப்படைத்தார். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொல்வார், நான் எழுதுவேன்.

கதவில்லாத கப்பலுக்குப் பிறகு வந்தது டேப் காலம். மனிதர்கள் மறக்கிறார்கள் என்பதால், புறப்படும் முன்பே எல்லாவற்றையும் பதிவு செய்து, தாண்டும்போது ஓடவிட்டார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு கப்பலில் புறப்படுவதற்கு முந்தின நாள் சமையல்காரர் இறந்துபோனார். டேப்பை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. சமையல்காரர் அடுப்படியில் இருக்கிறார் என்று டேப் சொன்னது. கப்பல் மறு கரைக்கு வந்தபோது அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன. அடுப்படிக் கதவை யாரும் திறக்கல. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் பட்டினி." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அதுக்குப் பிறகுதான் ஆளே சொல்லணும், அந்த நேரத்துல கண்ணால கண்டதைச் சொல்லணும்னு சட்டம் வந்துச்சு."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி மாமா தோணுது?"

"தோணல" என்றார். சட்டையைத் திருப்பிப் போட்டார்.

அந்தப் பதிலின் பொருள் ஒரு காலை நேரத்தில் விளங்கியது. மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரரின் நாயைப் பற்றி ஏதோ கேலி செய்துகொண்டிருந்த மாமா பாதி வார்த்தையில் நின்றார். கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. கண் திறந்திருந்தது. ஆனால் யாரும் இல்லாத வீட்டில் எரியும் விளக்கு போல இருந்தது அது. நான் பதறி எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்து, அவர் காதருகே மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.

"இது நம்ம வீடு. காலையில சாப்பிட உக்காந்திருக்கோம். தட்டு முன்னாடி இருக்கு. விசிறி ஓடுது. தங்கச்சி உங்க பக்கத்துல இருக்கா. வேலைக்குப் போற பை ஆணியில தொங்குது."

அவர் இமைத்தார். நாயைப் பற்றிய வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்து முடித்துச் சிரித்தார்.

அவர் போன பிறகு அக்கா சொன்னாள். ஒருநாள் மெஷின் ரூமில் நின்றவர் அடுத்த கணம் பஸ் நிறுத்தத்தில் நின்றாராம். நடுவில் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், உயரத்தில் ஏறக்கூடாது என்றார். அதை ஆபீஸில் சொன்னால் ஷாஃப்டுக்குள் விட மாட்டார்கள். ஷாஃப்டுக்குள் போகாத வாழ்க்கையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கூட்டாளிக்கு மட்டும் தெரியும்.

"மாத்திரையில கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஆனா திரும்பி வரும்போது எதையாவது விட்டுட்டு வந்துர்றார். நான் எதைச் சொல்லாம விடுறேனோ அதை."

நான் நம்பவில்லை. அன்று சாயங்காலம் மாமா கூடத்து ஜன்னல் எதிரில் வெகுநேரம் நின்றார். "பட்டதாரி, இங்க எப்ப ஜன்னல் வெச்சாங்க?" என்றார். அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி மாற்றியதே அவர்தான். அக்கா என்னைப் பார்த்தாள். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஜன்னலையும் சேர்த்துச் சொன்னாள்.

நான் எழுதிக்கொண்டிருந்த சரித்திரம் என்ன என்று எனக்கு அன்று தெரிந்தது. தெரிந்தும், சரித்திரமாகவே தொடர்ந்து எழுதினேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. படிப்பு எனக்குக் கொடுத்த வார்த்தைகளில் டாக்டர் சொன்ன பெயர் இருந்தது. ஜன்னல் எங்கே போயிற்று என்பதற்கு வார்த்தை இல்லை.

அந்த வாரம் கூட்டாளி ஒரு காரியம் செய்தார். வேலையிடத்தில் அக்கா இல்லையே என்று, அவள் சொல்வதை ஒருநாள் போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டார். மாமா கூண்டு மேலே அப்படி நின்றபோது அதை ஓடவிட்டார். மாமா திரும்பி வந்துவிட்டார். இதைச் சொல்லத்தான் கூட்டாளி என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"தங்கச்சி உங்க பக்கத்துல இருக்கான்னு அதுல வருதும்மா. அதுக்கப்புறம் வேலை முடியிற வரைக்கும் உன் மாமா உன்கிட்ட பேசிட்டிருந்தாரு. ஸ்பேனர் எடு பட்டதாரின்னு கையை நீட்டினாரு."

"நான்தான் வீட்ல இருந்தேனே அண்ணே."

"தெரியும்மா." கையிலிருந்த போனைப் பார்த்தார். "கையை மடக்கும்போது ஸ்பேனர் இருந்துச்சு. நான் கொடுக்கல."

பதிவை அவரே அழித்துவிட்டார். அடுத்த வாரமே அவரை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வர முடியாமல் போயிற்று.

அதற்குப் பிறகுதான் மாமா அக்காவிடம் மரியாதையாக நடந்துகொள்ள ஆரம்பித்தார். டீ கொடுத்தால், "வெச்சுட்டுப் போங்க" என்றார். அவள் கூடத்துக்கு வந்தால் காலை மடக்கி ஒதுங்கி உட்கார்ந்தார், மாடியிலிருந்து யாரோ வந்தது போல. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஊடல் என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம் அக்கா அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் என்னிடம் கேட்டார்.

"உங்க அக்கா எப்ப வர்றதாச் சொல்லிருக்கா?"

அக்காவின் கை மடிப்பில் நின்றது. பிறகு மடித்து முடித்து அடுத்த துணியை எடுத்தாள்.

நான் அன்று உட்கார்ந்து யோசித்தேன். தட்டைச் சொல்கிறாள், விசிறியைச் சொல்கிறாள், என்னைச் சொல்கிறாள், ஆணியில் தொங்கும் பையைச் சொல்கிறாள். தன்னைச் சொன்னதே இல்லை. வீட்டில் "நீ?" என்று கேட்கக் கூட்டாளி இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாங்கள் மூவரும் மருந்துக்கடை அண்ணனும் மட்டும். கப்பல் நெடுந்தூரம் தாண்ட வேண்டியிருந்தது. திரையை இழுத்தோம். அக்கா சொன்னாள். சுவரைச் சொன்னாள், கதவைச் சொன்னாள். கேப்டனின் பேண்ட்டைச் சொன்னபோது மருந்துக்கடை அண்ணன் "வாழ்க" என்று முனகினார். டாக்டரைச் சொன்னாள். நிறுத்தினாள்.

"முடிஞ்சுதா?" என்றார் மாமா.

"முடிஞ்சுது."

அவர் காத்திருந்தார். பிறகு தணிந்த குரலில், "கப்பல் வந்து சேந்துடுச்சு. விளக்கு எரியுது. கேப்டன் இருக்கார். டாக்டர் இருக்காங்க. சொல்லாள் உக்காந்திருந்த நாற்காலி" என்றவர், அங்கேயே நின்றுபோனார். பகடை விரல்களுக்குள் இருந்தது. கண்ணில் ஆள் இல்லை.

மருந்துக்கடை அண்ணன் அதை நடிப்பு என்று நினைத்து மெச்சுதலாகத் தலையாட்டினார். அக்கா நகர்ந்து உட்கார்ந்து வழக்கம்போலத் தொடங்கினாள். "இது நம்ம வீடு. ஞாயித்துக்கிழமை. திரை மூடியிருக்கு. பின்னாடி ஜன்னல் இருக்கு, கண்ணாடி நீங்க மாத்துனது. மருந்துக்கடை அண்ணன் எதிர்ல இருக்கார். தங்கச்சி வலது பக்கம் இருக்கா."

மாமாவின் கண் திரும்பி வந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தது. திரை, அண்ணன், நான். அக்கா மீது வந்தபோது எதிலும் தட்டாமல் அவளைக் கடந்து பின்சுவரில் போய் நின்றது.

"காலியா இருக்கு" என்று வாக்கியத்தை முடித்தார்.

கூடத்தில் குளிர்ந்தது போல இருந்தது. விசிறியை நாங்கள் நிறுத்தித்தான் வைத்திருந்தோம்.

"அக்கா, நீ?" என்றேன்.

"நான் எங்க போகப்போறேன்" என்றாள். பழக்கத்தில் வந்த பதில்.

"அது போதாது. உன்னைச் சொல்லு."

"என்னத்தச் சொல்ல?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அந்த வீட்டில் எந்தக் கரண்டி எந்த ஆணியில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். "நான் இருக்கேன்" என்றாள் அவரைப் பார்த்து. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க எதிர்ல இருக்கேன். நீல உடுப்பு. சுண்டுவிரல்ல சூடு பட்ட தழும்பு." ஒன்றும் நடக்கவில்லை. அவள் மூச்சை இழுத்தாள்.

"எனக்கு இந்த விளையாட்டு பிடிக்காது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எனக்குத் தூங்கணும். உங்க கிரீஸ் வாசனை எனக்குப் பழகவே இல்ல. நீங்க வேலைக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் கையில காரியம் ஓடாது. நீங்க இப்படி நிக்கும்போதெல்லாம் திரும்பி வருவீங்களோ மாட்டீங்களோன்னு இருக்கும். வெளியில காட்டினதில்ல. நான் பயந்துக்கிட்டு இங்க உக்காந்திருக்கேன். இதோ, இந்த நாற்காலியில."

மருந்துக்கடை அண்ணன் தலைகுனிந்துகொண்டார். மாமாவின் பார்வை சுவரிலிருந்து பிரிந்து, இருட்டில் படி தேடும் கால் போல முன்னால் வந்தது. அவள் கழுத்தில் வந்து நின்றது. பிறகு முகத்தில்.

"பயமா?" என்றார். "ஏன்டி, இத்தனை நாளா ஏன் சொல்லல?"

மறுநாள் காலையில் அவரே ஆபீஸுக்குப் போய்ச் சொன்னார். ஷாஃப்ட் சாவியை வாங்கிக்கொண்டு உதிரிபாகக் கிடங்கில் உட்காரவைத்தார்கள். இப்போது அங்கே எந்த போல்ட் எங்கே என்று சொல்பவர் அவர். "தரையில உக்காந்து நாறிப்போறேன்" என்று அலுத்துக்கொள்வார். விளையாட்டைச் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றினார். ஞாயிறு மத்தியானம் அக்கா தூங்குகிறாள்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் போன மாதம் ஒன்று நடந்தது. அக்கா கடைக்குப் போயிருந்தபோது மாமா மறுபடி அப்படி நின்றார். வீட்டில் நான் மட்டும். எனக்கு அவள் சொல்லும் வரிசை மனப்பாடம். கடகடவென்று சொன்னேன். இது நம்ம வீடு, விசிறி ஓடுது, ஜன்னல் இருக்கு, நான் உங்க பக்கத்துல இருக்கேன், அக்கா அடுப்படியில இருக்கா. வாயை மூடிய பிறகுதான் கடைசியாகச் சொன்னது காதில் விழுந்தது.

மாமா இமைத்தார். அடுப்படிப் பக்கம் திரும்பி, நிம்மதியாகச் சிரித்தார். உள்ளே ஒரு பாத்திரம் நகர்ந்தது. யாரோ அலமாரியைத் திறந்தார்கள்.

நான் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசல் கதவு திறந்தது. அக்கா பையோடு உள்ளே வந்தாள். மாமா அவளைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வடிந்தது. அக்காவுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. பையைக் கீழே வைக்கவில்லை.

"நான் கடைக்குப் போயிட்டு வந்திருக்கேன்" என்றாள் அவரைப் பார்த்து. "வாசல்ல நிக்கிறேன். பை கனக்குது. செருப்பு கடிச்சு குதிகால் எரியுது. எனக்குத் தண்ணி வேணும்."

மாமா எழுந்து போய்ப் பையை வாங்கிக்கொண்டார்.

அடுப்படியில் சத்தம் நின்றிருந்தது. நான் போய் அதன் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். உள்ளே பார்க்கவில்லை. அக்காவுக்குத் தண்ணீர் மருந்துக்கடையிலிருந்து வாங்கி வந்தேன்.